மாலி கடையின் கரி அடுப்பும் காலண்டர் தாள்களும்

1

ஜூன் ஒன்றாம் தேதி நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள். அன்று வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, கோட்டைப்பட்டினத்தில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் புறப்பட்ட புதன்கிழமையன்று, நான் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். (அப்போது தடைக்காலம் நாற்பத்தைந்து நாள்தான், மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். இப்போது அறுபத்தொரு நாள். ஊரில் இருக்கும் இளைஞர்கள் என் கணக்கு தப்பு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

இது பதினான்காவது வருடம். நியூசிலாந்தின் தென் தீவில், ஒரு சிறிய துறைமுக நகரத்தில், மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையின் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் அத்தா கோட்டைப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் அடுக்கினார். நான் புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு இங்கே வந்து, அதே குளிரை வேறு தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி ஜமீலாவும் மகள் நிஷாவும் எனக்கு இரண்டு வருடம் பிந்தி வந்தார்கள். நிஷா இப்போது பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இன்னொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள்.

எட்டு வருடமாக, ஜூன் ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் இரவுச் சமையல் கிடையாது. மாலி என்ற தாய்லாந்துப் பெண்மணியின் கடையில் கரி அடுப்பில் சுட்ட மீன். இந்த வருடம் மார்ச் மாதத்தில், அந்தக் கரி அடுப்பு ஜூன் வரை இருக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

கடை என்றால் ஐந்து மேசை. நாற்காலிகள் ஒன்றோடொன்று சேராதவை. ஒன்று பள்ளிக்கூடத்து நாற்காலி, ஒன்று பல் டாக்டர் யாரோ கழித்துப் போட்டது. சுவர்க் கடிகாரம் பாங்காக் நேரம் காட்டும். நாங்கள் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் அது மதியம் ஒன்று என்று சொல்லும். மெனு கிடையாது. காலையில் துறைமுகத்துக்குப் போய் எந்த மீனை மாலி எடுத்து வருகிறாரோ அதுதான் அன்றைக்கு. உப்பைத் தடவி, வயிற்றில் எலுமிச்சைப்புல்லை மடித்துச் செருகி, பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே கரியில் வாட்டுவார். வேறு குழம்பு, பொரியல் எல்லாம் உள்ளே அடுப்பில். நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்று முதல் நாள் சொன்னேன். அடுத்த தடவை போனபோது கைப்பிடியில் நீல நூல் கட்டிய புதுச் சட்டி ஒன்று தொங்கியது. இன்றுவரை அதில் எனக்கும் ஜமீலாவுக்கும் மட்டும்தான் சமையல்.

மாலிக்கு அறுபது வயது இருக்கும். அவரே சமைப்பார், அவரே பரிமாறுவார். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல். அவர் பேசுவதைக் கோட்டைப்பட்டினத்துப் பேச்சில் எழுதினால்தான் அவர் குரல் சரியாக வருகிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டில் மிச்சம் வைத்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"என்ன கொறை?"

"குறை ஒண்ணுமில்லைங்க, வயிறு நிறைஞ்சிருச்சு."

"மீன் அப்படி நெனைச்சுச் சாகலையே."

அதற்குப் பிறகு, அந்த மிச்சத்தை நீங்கள் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் உங்கள் கண் முன்னாலேயே அவர் சாப்பிட்டு முடிப்பார். வெட்கம் தாங்காமல் திரும்ப வராதவர்கள் உண்டு. வருகிறவர்கள் சாகும்வரை வருவார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கும். கடை அடைக்கும் முன் அதில் தாய் எழுத்தில் ஒன்றிரண்டு வரி எழுதுவார். அன்றைக்குக் கரியில் என்ன மீன், எத்தனை, யார் யாருக்கு. "எதுக்கு எழுதுறீங்க?" என்று ஒரு முறை கேட்டேன். "நேத்து ஒருத்தருக்குக் குடுத்ததையே இன்னைக்கும் குடுத்தா அவங்க வீட்டுச் சமையல் மாதிரி ஆயிரும்" என்றார். நானும் தேதி போட்டு எழுதுகிற ஆள் என்பதால் அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'மிஸ்டர் காலண்டர்'.

3

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை போனபோது மீனுக்கு முன்னால் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார்.

கடைக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடி வந்திருக்கிறது. அங்கிருந்து யாரோ புகை என்று நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்கள். வீடுகளுக்கு அருகே திறந்தவெளிக் கரி அடுப்பு கூடாது என்று ஐந்து வருடத்துக்கு முன் ஒரு விதி வந்தது. ஆனால் அதற்கு முன்பிருந்தே விடாமல் பயன்படுத்தி வருகிறவர்களுக்கு விலக்கு உண்டு. நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். மாலி தன் நோட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நகராட்சியும் தன் செலவில் ஆள் வைத்து அதை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லியிருக்கிறது. அதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதம். 'தாங்கள் அளித்த பதிவேட்டில் உள்ள தேதிகள் இன்னும் வராத ஆண்டுகளைச் சேர்ந்தவையாக உள்ளன. எனவே இதை ஆதாரமாக ஏற்க இயலாது. மே மாதம் நேரில் விளக்கம் தரலாம்.'

"நான் மொத மீனைச் சுட இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் இருக்காம்" என்றார் மாலி. "அதுவரைக்கும் உயிரோட இருக்கச் சொல்றாங்க. நல்ல மனசு."

சிரித்தார். ஆனால் அன்று மீன் ஒரு பக்கம் கருகியிருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை.

"அடுப்பை எடுக்கச் சொன்னா என்ன செய்வீங்க?"

"அடுப்பை எடுத்துட்டு நான் இங்க என்ன செய்ய? நூடுல்ஸ் கிண்டவா? கடையை மூடிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

நோட்டின் நகலைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நாள், மாதம், பிறகு 61. பெயர்த்தவர் எழுத்தைப் பெயர்த்தார், எண்ணைத் தொடவில்லை. அலுவலர் 61-ஐப் பார்த்து 2061 என்று படித்திருக்கிறார். எனக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆகவில்லை. தாய்லாந்தில் புத்தர் ஆண்டு. அங்கே அது 2561. ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கழித்தால் 2018.

"இதை அவங்ககிட்டச் சொல்லலையா?"

"வருஷத்தைப் போயி யாராவது வெளக்குவாங்களா, மிஸ்டர் காலண்டர்? வருஷம் வருஷம்தானே."

4

ஏன் எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் தேதி தெரியாமல் பிழைக்க முடியாது. திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நாள் நாட்டுப்படகு. எங்கள் வீட்டு முன்கூடத்தில், நாள்தோறும் தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கும், மீமிசல் ஜவுளிக்கடையில் கொடுத்தது. ஒரே தாளில் நடுவே பெரிதாக இங்கிலீஷ் தேதி, மேலே தமிழ் மாதமும் நாளும், பக்கத்தில் ஹிஜ்ரி. எனக்குத் தெரிந்து எந்த வீட்டிலும் அதைப் பார்த்து 'இதில் எது நிஜம்' என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த வீட்டுப் படகுக்காரர் வாசலில் நின்றே கேட்பார்.

"பாய், அமாவாசை நாளைக்கா, நாளான்னைக்கா? பாத்துச் சொல்லுங்க."

அத்தா பார்த்துச் சொல்வார். அதே தாளில் தன் பிறையையும் பார்த்துக்கொள்வார்.

எனக்கே இரண்டு பிறந்தநாள். ஒன்று நான் பிறந்தது, மற்றது ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியது. இந்த நாட்டுக்கு விண்ணப்பித்தபோது அந்த இரண்டையும் ஒன்றாக்க ஏழு கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் வாத்தியாரே ஜெயித்தார். இங்கே தொழிற்சாலையில் அவர் எழுதிய தேதியில்தான் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். நானும் கை தட்டிக்கொள்கிறேன்.

இன்றைக்கும் என் மச்சான் வருடக் கடைசியில் அந்த ஜவுளிக்கடைக் காலண்டரைப் பார்சலில் அனுப்பிவிடுகிறார். காலையில் எழுந்து தாளைக் கிழிப்பேன். தூக்கிப் போடுவதில்லை. அதன் முதுகில் அன்றைக்கு நடந்ததை ஒரு வரி எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு மாதக் கட்டாக வைத்துவிடுவேன். காற்று எந்தப் பக்கம், எந்த கம்ப்ரஸர் மக்கர் செய்தது, யார் போன் பண்ணினார்கள், எங்கே சாப்பிட்டோம். பதினான்கு வருடக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஜமீலா அதைப் 'பேப்பர் கடை' என்பாள். நிஷா பதினைந்து வயதிலேயே கேட்டுவிட்டாள், "அத்தா, இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

நியாயமான கேள்விதான்.

5

அன்று மாலியிடம் சொன்னேன், "உங்க நோட்டுல என்னைக்கு எனக்கு மீன் குடுத்தீங்களோ, அன்னைக்கு என் தாள்லயும் இருக்கும்." வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கட்டுகளைப் பிரித்தேன். மாலி கடையில் கரி மீன் என்று எழுதிய தாள்கள் நூற்றுப் பன்னிரண்டு. நகராட்சிக்குப் போன் செய்தேன். ஏற்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் வேண்டும், எழுதியவரே பெயர்த்துக் கொடுக்கக் கூடாது, பெயர்த்தவர் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் மொத்தம் நான்கு வீடு. அதில் இரண்டு வீட்டார் விடுமுறைக்கு இந்தியா போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பேசுவார்கள், படிக்க வராது. நான்காவது எங்கள் வீடு. ஜமீலாவுக்கு எழுத்து வரும், ஆங்கிலத்தில் வாக்கியம் எழுத வராது.

மகள் பெயர்க்கலாமா என்று கேட்டேன். உறவை மறைக்காமல் குறிப்பிட்டால் போதும் என்றார்கள்.

நிஷா ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். தமிழில் வாசிப்பாள், மெதுவாக. சனிக்கிழமை போனில் மட்டும்தான் பேசிக்கொள்வோம், அதுவும் எட்டு நிமிடம், பத்து நிமிடம். கேட்டதும் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை தாள்?"

"நூத்திப் பதினொண்ணு."

"சரி, ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. மாலி ஆன்ட்டிக்காக."

நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றை நான் எடுத்து வைத்துவிட்டேன். பதினான்கு வருடத்தில் என் பதிவில் நானே கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு தினமும் போன் வந்தது.

"அத்தா, பாரைன்னு எழுதியிருக்கீங்க. அந்த மீன் இங்க கிடையாதே?"

"இங்க கஹவாய்னு சொல்றாங்கள்ல, அதான். பார்க்கப் பாரை மாதிரி இருக்கும்."

"மாதிரியே இல்லை. நெட்ல ரெண்டையும் பார்த்தேன்."

"எனக்கு மாதிரி இருந்துச்சும்மா."

"'கஹவாய், எழுதியவர் வழக்கில் பாரை' அப்படின்னு அடிக்குறிப்பு போடுறேன். எத்தனை மீனுக்கு இப்படி நீங்களே பேரு வச்சிருக்கீங்க?"

ஆறு மீனுக்கு. ஆறு அடிக்குறிப்பு போட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கேட்டாள்: "அத்தா, எல்லா வருஷமும் ஜூன் ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம் மட்டும் இல்லை. ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. அன்னைக்கு மாலி கடைக்குப் போகலையா?"

தேதியைக் கண்டால் முகம் சுளித்தவள், எனக்கே தேதி கேட்கிறாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போனேன்."

"அப்ப அனுப்புங்க. நடுவுல ஒண்ணு விட்டா மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க."

அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'மாலி கடை. கரியில் இரண்டு பாரை. நிஷா வரவில்லை. தெற்குக் காற்று.'

அந்த வருடம் ஜமீலா தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தாள். நிஷாவுக்குப் பதினேழு. வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நான் முன்கூட்டியே இரண்டு மீன் சொல்லிவிட்டேன். அவள் சிநேகிதிகளோடு வேறு எங்கோ போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடாததால்தான் சனிக்கிழமை எட்டு நிமிடம் என்று ஆனது என்று பிறகு தோன்றியிருக்கிறது.

மறுநாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. அதற்கு மறுநாள் மொத்த மொழிபெயர்ப்பும் மெயிலில் வந்தது. அந்தத் தாளையும் ஒரு சொல் விடாமல் பெயர்த்திருந்தாள். தெற்குக் காற்று உட்பட.

6

மே மாதம் நகராட்சி அலுவலகத்தில் ஒரு சிறிய அறை. அலுவலர் முப்பது வயது மதிக்கத்தக்க மனிதர், மரியாதையானவர், கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். மாலி அதைத் தொடவில்லை. நான் அன்று காலை கிழித்த காலண்டர் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்றைய தாள். இதில் மூன்று தேதி இருக்கிறது. மூன்றும் இன்றைக்குத்தான்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூன்றில் எதை நீங்கள் பின்பற்றுகிறீர்கள்?"

"சம்பளத்துக்கு இது. நோன்புக்கு இது. ஊரில் கல்யாணம் என்றால் இது."

"இதில் புத்தர் ஆண்டு இல்லையே."

"அது மாலி வீட்டுக் காலண்டரில் இருக்கும். ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கழித்துப் பாருங்கள்."

கழித்தார். போனிலும் தேடிப் பார்த்தார். "சரி. ஆண்டு விளங்கிவிட்டது. என் தவறு" என்றார். மாலி முதல் முறையாகத் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார்.

உடனே கீழே வைக்க வேண்டி வந்தது. அலுவலர் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நான் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், மன்னியுங்கள். நீங்கள் இருவரும் நண்பர்கள். இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் இப்படி ஒத்துப்போகும் இரண்டு பட்டியல் எழுதிவிட முடியும். அப்படி எழுதப்படவில்லை என்று நான் எப்படி நம்புவது?"

கடையின் தலைவிதியே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. மாலி என்னைப் பார்த்தார். அவர் கை மடியில் நோட்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே ஒரு தாள்தான் நினைவுக்கு வந்தது. மறைக்கப் பார்த்த தாள்.

"2019, ஜூன் ஒன்று. அவர் நோட்டில் ஆண்டு 62. என்னுடையதை முதலில் படியுங்கள்."

அவர் படித்தார். "கரியில் இரண்டு கஹவாய், அடிக்குறிப்பு ஒன்று. நிஷா வரவில்லை. தெற்குக் காற்று." கீழே பார்த்தார். "நிஷா என்பது...?"

"என் மகள்."

"மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டவர் பெயரும் நிஷா."

"அவள்தான்."

அவர் மற்ற கோப்பில், நகராட்சியே ஆள் வைத்துப் பெயர்த்த மாலியின் நோட்டில், அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். மெதுவாகப் படித்தார்.

"'கஹவாய் ஒன்பது. மிஸ்டர் காலண்டருக்கு இரண்டு. மகள் வரவில்லை. ஒன்றை அவர் சாப்பிட்டார். ஒன்றை நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மீன் நன்றாக வந்திருந்தது.'"

அந்த வரிகளை நானும் அன்றுதான் முதலில் கேட்டேன். மாலி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதை என் தாளில் நான் எழுதவில்லை. எழுதினால் நான் தனியாக உட்கார்ந்திருந்தது ஊருக்கே தெரிந்தது போலாகும் என்று விட்டுவிட்டேன்.

அலுவலர் இரண்டு கோப்புகளையும் மூடினார். "பொய்ப் பட்டியல் எழுதுகிறவர்கள் இதை எழுத மாட்டார்கள்" என்றார். "அதை மகளிடமே கொடுத்துப் பெயர்க்கச் சொல்லவும் மாட்டார்கள்."

கடிதம் பத்து நாளில் வந்தது. அடுப்பு இருக்கலாம். புகைபோக்கியை மூன்றடி உயர்த்த வேண்டும். மாலி ஐந்தடி உயர்த்தினார். "அடுத்த அதிகாரி வந்து இன்னும் ரெண்டடி கேப்பாரு, இப்பவே போட்டுர்றேன்" என்றார்.

7

நேற்று ஜூன் ஒன்று. திங்கள்கிழமை, இங்கே அரசு விடுமுறை. நிஷா ஆறு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நானும் ஜமீலாவும் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தோம்.

மாலி பின்கட்டிலிருந்து கேட்டார். "எத்தனை?"

"மூணு."

"வந்த பெறகு போடவா?"

"இப்பவே போடுங்க" என்றாள் ஜமீலா, நான் வாய் திறப்பதற்கு முன்னால்.

நான் கதவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமீலா என் முழங்கையைத் தட்டினாள். "ஏங்க, அது பாங்காக் மணி. அதைப் பாத்து என்ன ஆகப் போகுது?"

நிஷா பையைத் தோளில் போட்டபடி வந்து, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ் தாமதம் என்றாள். மீன் வந்தது. பேசிக்கொண்டே சாப்பிட்டாள், தலையை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். மாலி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன கொறை?"

"தலை சாப்பிட மாட்டேன், ஆன்ட்டி."

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒனக்கு வச்ச மீனை நான் தலையோட சாப்பிட்டேன். எனக்கு அன்னைக்கு வயிறு வேற சரியில்லை."

நிஷா சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை. தலையை எடுத்துக்கொண்டாள். செவுளுக்கு அடியில் எங்கே சதை இருக்கிறது என்று ஜமீலா காட்டிக்கொடுத்தாள்.

சட்டைப் பையிலிருந்து அன்றைய தாளை எடுத்து, திருப்பி, பேனாவைத் திறந்தேன். நிஷா கையைத் துடைத்துவிட்டு இரண்டையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பெரிது பெரிதாக. எழுதி முடித்து என் பக்கம் தள்ளினாள்.

'மாலி கடை. கரியில் மூன்று பாரை. நிஷா வந்தாள். பதினொரு நிமிடம் தாமதம்.'

கடிகாரத்தை நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றுதான். காற்றை மட்டும் விட்டுவிட்டாள். அதை நான் சேர்த்தேன்: வடமேற்கு.